ஆடினால் அகதியில்லையோ?

எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி ‘மாயா’ அருட்பிரகாசம் தன் ஐந்தாவது அல்பமான ‘எய்ம்’-ஐ 2016 செப்டெம்பர் 9ஆம் திகதி வெளியிட்டார். அநேகமாக இதுவே தன் கடைசி அல்பம் என்றும் சொல்லிவைத்தார். ஒருவர் ‘இதோடு முடிந்தது’ என்று சொல்லிவிட்டால் கேட்பவர்களின் காது மாறிவிடுகிறது. பாட்டைக் கேட்பதை விட்டுவிட்டு ஆளின் கணக்கை முடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். லண்டனிலும் நியூயோர்க்கிலும் எழுதியவர்களில் பலர் அப்படித்தான் செய்தார்கள். பாராட்டி எழுதியவர்களும் உண்டு. அதை மறைத்து வாதாட வேண்டிய அவசியம் எனக்கில்லை. ஆனால் தங்கிப்போன தீர்ப்பு இதுதான்: பழைய சூடு ஆறிவிட்டது, அரசியல் வெறும் சுலோகமாகிவிட்டது, வார்த்தைகளில் சிறுபிள்ளை விளையாட்டு மிஞ்சிவிட்டது, அகதிகளைப் பற்றிப் பேச வந்தவர் ஆட்டத்துக்கேற்ற மெட்டுக்குள் பாரத்தைத் தொலைத்துவிட்டார்.

எங்கள் ஆட்களிடமிருந்து விமர்சனம்கூட வரவில்லை. முகச்சுளிப்புத்தான் வந்தது. ‘எங்கட அழிவை வைச்சு ஆட்டம் போடுறா’ என்பது ஒரு வகை. ‘தமிழே ஒழுங்காய் வாயில வராது, இவ என்ன எங்கட ஆள்’ என்பது இன்னொரு வகை. ரொரன்ரோவில் கேட்டாலும் யாழ்ப்பாணத்தில் கேட்டாலும் இந்த இரண்டில் ஒன்று வரும். சொல்பவர் அல்பத்தை முழுதாகக் கேட்டிருக்கவும் மாட்டார்.

வெள்ளைக்கார விமர்சகரும் எங்கள் பெரியவரும் ஒரு திண்ணையில் கூடியிருந்து கதைக்கப் போவதில்லை. ஆனாலும் இருவரும் ஒரே நிபந்தனையைத்தான் வைக்கிறார்கள். ஊரிழந்தவள் வாய் திறப்பதென்றால் அழுதுகொண்டு திறக்கவேண்டும். இல்லாவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு திறக்கவேண்டும். நடுவில் சிரிப்பு, பகிடி, இடுப்பசைவு ஒன்றும் கூடாது. இந்த நிபந்தனையை மறுக்கத்தான் இதை எழுதுகிறேன். மயிலிட்டிக்காரன் என்பதால் மறுப்பதற்கு எனக்குச் சொந்தக் காரணங்களும் உண்டு.

மயிலிட்டி வலிகாமம் வடக்கின் கரையோர ஊர். ஒருபுறம் காங்கேசன்துறைத் துறைமுகம், மறுபுறம் பலாலி விமானத்தளம். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டதுதான் ஊரின் விதி. போருக்கு முன் வடக்கில் பேர்பெற்ற மீன்பிடித் துறைமுகம். 1990 ஜூனில் சண்டை மீண்டும் மூண்டபோது சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டது. ஊர் உயர் பாதுகாப்பு வலயமானது. கடல்தொழில் செய்தவர்கள் மல்லாகம், கோணாப்புலம் என்று நலன்புரி நிலையங்களில் ஒதுங்கினார்கள். பிறத்தியார் கரையில் கேட்டு நின்று தொழில் செய்தார்கள். துறைமுகமும் அதைச் சேர்ந்த ஐம்பத்துச்சொச்சம் ஏக்கர் நிலமும் திரும்பக் கிடைத்தது 2017 ஜூலை 3ஆம் திகதி. இருபத்தேழு வருஷம். அதாவது ‘எய்ம்’ வெளிவந்து, அதிலுள்ள எல்லைகள் பற்றிய பேச்செல்லாம் பொத்தாம்பொதுவானது என்று விமர்சகர்கள் எழுதிக்கொண்டிருந்த நாட்களில், மயிலிட்டிக்காரர் தங்கள் கடலை முட்கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அல்பத்தின் முதற்பாட்டு ‘போர்டர்ஸ்’. 2015 நவம்பரிலேயே தனியாக வந்துவிட்டது. அந்த ஆண்டில்தான் பத்து லட்சம் பேருக்கு மேல் கடல் கடந்து ஐரோப்பாவுக்குள் போனார்கள். அந்த செப்டெம்பரில்தான் துருக்கிக் கரையில் ஒதுங்கிய சிரியச் சிறுவனின் படம் உலகத்தை உலுக்கியது. பாட்டின் வீடியோவை எம்.ஐ.ஏ. தானே இயக்கினார். சனம் நெருக்கியடித்த படகுகள், உயரமான கம்பிவேலியில் ஏறி நிற்கும் இளைஞர்கள், அந்த வேலியில் உடம்புகளாலேயே எழுதப்பட்ட ஒரு சொல். பாட்டோ மிக எளியது. எல்லை, அரசியல், அடையாளம் என்று ஒவ்வொரு பெரிய வார்த்தையாக எடுத்து முன்னால் வைக்கிறார். ஒவ்வொன்றுக்கும் பிறகு ‘இதென்ன சங்கதி’ என்கிற தோரணையில் ஒரே கேள்வியைக் கேட்கிறார். முகத்தில் பதற்றமில்லை, குரலில் ஏற்ற இறக்கமில்லை. அக்கறையற்ற ஒரு பெட்டை சந்தியில் நின்று கேட்பதுபோலக் கேட்கிறார்.

இதைத்தான் சுலோகம் என்றார்கள். சுலோகம் என்றால் அதில் பதில் இருக்கவேண்டும். ‘எல்லையை உடை’ என்றால் அது சுலோகம். ‘எல்லையைக் காப்போம்’ என்றாலும் சுலோகந்தான். எம்.ஐ.ஏ. இரண்டையும் சொல்லவில்லை. கேள்வியைப் போட்டுவிட்டு அடுத்த வார்த்தைக்குப் போய்விடுகிறார். இதில் ஆழமில்லை என்று ஒருவருக்குத் தோன்றுமானால், அவருக்கு ஏற்கெனவே பதில் தெரியும் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். பாரிஸில் இருப்பவருக்குத் தெரிந்திருக்கலாம். மயிலிட்டியில் எங்களுக்குத் தெரியாது.

ஏன் தெரியாது என்று சொல்கிறேன். எங்களுக்கு இரண்டு எல்லை. ஒன்று நிலத்தில் இருந்தது: முட்கம்பி, மண் அணை, காவலரண். அதை எடு என்று கச்சேரி வாசலில் இருந்தோம், ஊர்வலம் போனோம், வந்த ஜனாதிபதிகளிடமெல்லாம் மனுக் கொடுத்தோம். மற்றது கடலில் இருக்கிறது. 1974இலும் 1976இலும் கொழும்பும் டெல்லியும் கையெழுத்திட்டுக் கீறிய கோடு. அந்தக் கோட்டைத் தாண்டித் தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் வருகின்றன. எங்கள் ஆட்கள் ‘ரோலர்’ என்பார்கள். கடலின் அடியை வழித்துக்கொண்டு போகும் மடி அது. மீன்குஞ்சும் மிஞ்சாது, எங்கள் சிறு படகுக்காரர் இரவில் விரித்த வலையும் மிஞ்சாது. இலங்கைப் பாராளுமன்றம் இழுவைமடியைச் சட்டப்படி தடைசெய்தது 2017 ஜூலையில், எங்கள் துறைமுகம் திரும்பக் கிடைத்த அதே மாதத்தில். அன்றிலிருந்து எங்கள் கோரிக்கை என்ன? கடற்படை அந்தக் கோட்டை ஒழுங்காகக் காவல் காக்கவேண்டும் என்பதுதான். எந்தக் கடற்படை? எங்களை எங்கள் கரைக்கு வரவிடாமல் இருபத்தேழு வருஷம் வைத்திருந்த அதே படைகளில் ஒன்று. எந்த மீனவருக்கு எதிராக? எங்கள் மொழி பேசும், எங்கள் அழிவின்போது தெருவில் இறங்கி நின்ற தமிழ்நாட்டின் மீனவருக்கு எதிராக. இன்றைக்கு மயிலிட்டித் துறைமுகத்துக்குப் போனால், பிடிபட்ட தமிழ்நாட்டுப் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடப்பதைப் பார்க்கலாம். எங்கள் படகு கட்ட இடமில்லை என்று எங்கள் ஆட்களே முணுமுணுக்கிறார்கள்.

ஒரே ஊர், ஒரே சனம். ஒரு வேலியைப் பிடுங்கு என்கிறோம். ஒரு கோட்டைக் காத்துத் தா என்கிறோம். இரண்டும் நியாயம். இந்த நிலையில் இருப்பவனிடம் எல்லை பற்றி ஒரு பாட்டுக்காரி வந்து கொள்கை விளக்கம் தந்தால் அவன் எழும்பிப் போய்விடுவான். ‘இதென்ன சங்கதி’ என்று கேட்டால் நிற்பான். ‘போர்டர்ஸ்’ பாட்டின் அலட்சியத்தொனி எங்கள் காதில் ஆழமாக விழுவது இதனால்தான். பாட்டுக்காரி பாக்கு நீரிணையை மனதில் வைத்து எழுதினார் என்று நான் சொல்லவரவில்லை. எழுதியவர் நினைத்ததற்கு மேலாகவும் ஒரு கேள்வி வேலை செய்யும். பதிலாக எழுதப்பட்ட பாட்டுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது.

இந்த வீடியோவைச் சுற்றி ஒரு கூத்தும் நடந்தது. அதில் எம்.ஐ.ஏ. பாரிஸ் சென்-ஜெர்மன் உதைபந்தாட்டக் கழகத்தின் சட்டையைப் போட்டிருந்தார். விளம்பரதாரரான விமானக் கம்பனியின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘பறக்கும் கடற்கொள்ளையர்’ என்று அர்த்தப்பட மாற்றி எழுதியிருந்தார். கழகம் சட்டத்தரணிகளைக் கொண்டு கடிதம் அனுப்பியது. தங்கள் பெயருக்குக் களங்கமாம். படகில் போகிறவர்கள் தாழ்ந்தாலும் பரவாயில்லை, சட்டையில் எழுத்து மாறக்கூடாது. அரசியல் நீர்த்துப்போன பாட்டு என்றார்களே, அந்த நீர்த்த பாட்டுக்குத்தான் இந்தக் கடிதம்.

‘சூடு ஆறிவிட்டது’ என்ற குற்றச்சாட்டைப் பார்ப்போம். சூடாக இருந்தபோது இதே ஆட்கள் என்ன சொன்னார்கள்? 2010இல் ‘போர்ன் ஃபிரீ’ பாட்டுக்கு ரோமெய்ன் கவ்ராஸ் ஒன்பது நிமிட வீடியோ எடுத்தார். செம்பட்டைத் தலைமயிர்க்காரப் பையன்களைப் படையினர் வீடு வீடாகப் பிடித்து, பஸ்ஸில் ஏற்றி, வெளியில் கொண்டுபோய்க் கொல்கிறார்கள். யூரியூப் அதைக் கட்டுப்படுத்தியது. அளவுமீறிய வன்முறை, அதிர்ச்சிக்காக அதிர்ச்சி என்று எழுதினார்கள். சுற்றிவளைப்பில் முகமூடிக்காரன் தலையாட்டுவதைப் பார்த்து வளர்ந்த ஊர்களில் அந்த வீடியோவைப் பார்த்தவர்களுக்கு அதில் அளவுமீறியதாக ஒன்றும் தெரியவில்லை. பையன்களின் மயிர் நிறம் மட்டும் புதிது. அதே ஆண்டு நியூயோர்க் ரைம்ஸ் சஞ்சிகை அவரைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதியது. தான் வெளியாளாக இருக்க விரும்புவதாகச் சொல்லிக்கொண்டே விலையுயர்ந்த உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிட்டார் என்று அதில் ஒரு குத்தல். எம்.ஐ.ஏ. தன்னிடமிருந்த ஒலிப்பதிவை வெளியிட்டார்; அந்தப் பொரியலை எடுக்கலாம் என்றது பேட்டி எடுத்தவரேதான். எது எப்படியோ, பொரியல் சாப்பிட்டவள் வன்னியைப் பற்றிப் பேசக்கூடாது என்ற எண்ணம் ஊன்றிவிட்டது.

2010இல் கூடிப்போயிற்று, 2016இல் குறைந்துபோயிற்று. நடுவில் எந்த ஆண்டில் சரியாக இருந்தது என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ‘கலா’ வந்த 2007ஐச் சிலர் காட்டலாம். அந்த அல்பத்தைத் தலையில் வைத்து ஆடினார்கள், உண்மைதான். ஆனால் அப்போது அவர்கள் கேட்டது எங்கோ தூரத்து நாட்டின் துப்பாக்கிச் சத்தத்தையும் காசுப்பெட்டியின் கிணுங்கலையும். ‘பேப்பர் பிளேன்ஸ்’ அமெரிக்கத் திரையரங்குகளுக்குள் எல்லாம் போயிற்று. தூரத்துத் தீ குளிருக்கு நல்லது. 2016இல் படகு அவர்கள் கரைக்கே வந்துவிட்டது. அந்த நேரத்தில் பாட்டுக்காரி துப்பாக்கிச் சத்தத்தை விட்டுவிட்டு, படகில் வந்தவனையும் பகிடி விடத்தெரிந்த, ஆடத்தெரிந்த சாதாரண ஆளாகக் காட்டினார். அவர்களுக்குச் சப்பென்று போனது அதனால்தான் என்பது என் எண்ணம்.

பகிடிக்கு வருவோம். அதிகம் நக்கலடிக்கப்பட்ட பாட்டு ‘பேர்ட் சோங்’. பறவைப் பெயர்களை வைத்துச் சொல் விளையாட்டு, வரிக்கு வரி. ஆங்கிலக் காதுக்கு அது பாலர் வகுப்பு. ஆனால் அந்தப் பாட்டின் அடியில் ஓடுவது எது? ‘ஒரு கிளி உருகுது’. 1983இல் வந்த ‘ஆனந்தக்கும்மி’ படத்துக்காக இளையராஜா மெட்டமைத்து எஸ். ஜானகியும் எஸ்.பி. சைலஜாவும் பாடியது. இரண்டு பெண்குரல்கள் ஒன்றையொன்று தொட்டும் விலகியும் போகிற பாட்டு. எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒரு பெட்டைக்கு இந்தப் பாட்டு எங்கிருந்து வந்து காதில் விழுந்திருக்கும் என்று எங்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. வானொலி, கல்யாண வீட்டு ஒலிபெருக்கி, மினிபஸ். அந்தப் பெட்டை பிறகு லண்டனுக்குப் போய், கிளியின் உருக்கத்தை அடியில் ஓடவிட்டு, மேலே எல்லாப் பறவையையும் கூப்பிட்டுக் கும்மாளம் போடுகிறாள். கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் பறக்கிறவை பறவைகள்தானே. விமர்சகர்கள் மேல்தளத்தை மட்டும் கேட்டார்கள். அது அவர்கள் குற்றமில்லை. எங்கள் ஆட்கள் இரண்டையும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இது அவருக்குப் புதிய பழக்கமுமல்ல. ‘கலா’வின் முதற்பாட்டு ‘தளபதி’ படத்தின் ‘காட்டுக்குயிலு’ மேல் கட்டப்பட்டது. ‘பேர்ட் ஃபுளூ’, ‘போய்ஸ்’ பாட்டுகளில் அதிர்வது தமிழ்நாட்டு உறுமி. அந்த அல்பத்தை ஊர் ஊராகப் போய் ஒலிப்பதிவு செய்யவேண்டி வந்ததற்கே அமெரிக்கா விசா கொடுக்க மறுத்ததுதான் காரணம். ‘எய்ம்’ அல்பத்தில் ‘விசா’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. அதில் தன் முதல் வெற்றிப் பாட்டான ‘கலாங்’கைத் தானே கிண்டியெடுத்துப் போட்டிருக்கிறார். பழைய சரக்கைத் திரும்ப விற்கிறார் என்றார்கள். விசாவுக்கு விண்ணப்பிக்கிற ஒவ்வொருவனும் தன் பழைய கதையை முதலிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லித்தானே ஆகவேண்டும். அகதி விண்ணப்பம் நிரப்பிய எங்கள் பெடியங்களைக் கேட்டால் தெரியும்.

‘அழிவை வைச்சு ஆட்டம்’ என்கிற எங்கள் பெரியவர்களுக்கு ஒன்று. முகாம்களில் எத்தனை கல்யாணம் நடந்தது? எத்தனை பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு நடந்தது? ஓலைக்கொட்டிலுக்கும் தகரக்கொட்டிலுக்கும் முன்னால் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, பைலா போட்டு ஆடினார்கள். நிவாரண அரிசியின் புழுவை வைத்துப் பகிடி விட்டார்கள். அப்போது யாரும் போய், ‘நீ இடம்பெயர்ந்தவன், ஆடாதே’ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்ல பேச்சு வாங்கியிருப்பார்கள். எங்கள் சாவீட்டில் பறை அடிக்கிறார்கள். அந்த அடிக்குக் கால் தாளம் போடாதவன் யார்? துக்கத்தையும் தாளத்தையும் பிரித்து வைத்த சமூகம் நாங்கள் அல்ல. மேடைப்பேச்சில் மட்டும் பிரித்து வைக்கிறோம்.

இந்த முகச்சுளிப்புக்கு ஒரு சரித்திரமும் இருக்கிறது. அறுபதுகளின் பிற்பாதியிலும் எழுபதுகளிலும் உரும்பிராய் நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ பாடினார், ஏ.ஈ. மனோகரன் ‘சுராங்கனி’யைத் தமிழ்நாடு வரைக்கும் கொண்டுபோனார். பைலாத் தாளம் போர்த்துக்கேயரோடும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கர்களோடும் கடலால் வந்தது, சிங்களத்தில் வோலி பஸ்ரியன் போன்றவர்கள் அதைக் கச்சேரிக்குக் கொண்டுவந்தார்கள், தமிழில் இவர்கள். கர்நாடக சங்கீதம் படித்த வீடுகளில் இதற்கு அன்று கிடைத்த மரியாதை எவ்வளவு என்று அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். இன்று அதே வீட்டுப் பிள்ளைகள் மெல்பேணிலும் ரொரன்ரோவிலும் மண்டபம் எடுத்து, ‘சின்ன மாமியே’ போட்டுக் கண் கலங்குகிறார்கள். ஐம்பது வருஷம் கழிந்தால் குப்பைப் பாட்டு பாரம்பரியமாகிவிடும் போலும். எம்.ஐ.ஏ.வுக்கும் அந்த ஐம்பது வருஷம் ஆகட்டும் என்று விட எனக்குப் பொறுமையில்லை.

‘எங்கட ஆள் இல்லை’ என்பதற்குப் பதில் சொல்வது எனக்குக் கொஞ்சம் கூச்சம். பிறப்புச் சான்றிதழைக் காட்டி வாதாடுவது மலிவான வேலை. அவர் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக இங்கே கொண்டுவரப்பட்டு, போருக்குள் வளர்ந்து, 1986இல் திரும்பவும் லண்டனுக்கு அகதியாகப் போனவர் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. தகப்பன் அருளர் ஈரோஸ் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்பதும் தெரியும். பலருக்கு மறந்துபோன ஒரு விஷயத்தை மட்டும் எடுத்து வைக்கிறேன். அருளர் ‘லங்கா ராணி’ என்று ஒரு நாவல் எழுதினார், 1978இல். 1977 கலவரத்தில் அடிபட்டு கொழும்பு முகாம்களில் கிடந்த தமிழரைக் கப்பலில் ஏற்றி வடக்குக்கு அனுப்பினார்கள். அந்தக் கப்பலொன்றின் பெயர்தான் நாவலின் பெயர். கதை நடப்பது கப்பலில். சனம் நெருக்கியடித்த தளம், வாந்தி, பயம், வாக்குவாதம், அரசியல். கப்பல் வந்து சேர்ந்த இடம் காங்கேசன்துறை. எங்கள் ஊரின் பக்கத்துத் துறை.

முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு அந்த நாவலாசிரியரின் மகள், சனம் நெருக்கியடித்த படகில் தொடங்கும் ஒரு அல்பம் செய்கிறார். தகப்பனோடு வளராத பிள்ளை. முதல் அல்பத்துக்கு ‘அருளர்’ என்று பெயர் வைத்ததே, எங்கேயோ இருக்கிற மனிசன் தன் பெயரைத் தேடும்போது தன்னிடம் வந்து சேரட்டும் என்பதற்காக என்று அவரே சொல்லியிருக்கிறார். அருளர் 2019இல் காலமானார். நாவலில் கப்பலில் இருந்தவர்கள் ஒரு நாடு இருக்கிறது, அங்கே போகிறோம் என்று நம்பினார்கள். மகளின் படகில் இருப்பவர்களுக்கு அந்த நம்பிக்கையும் இல்லை. தகப்பன் பதில் எழுதினார், மகள் கேள்வி எழுதினார். எங்களுக்கு அந்தப் பதில் என்னவாயிற்று என்று தெரியும். பிறகும் மகளிடம் போய், ‘உன்னிடம் தெளிவான அரசியல் இல்லை’ என்று சொல்ல எங்களுக்கு வாய் வருகிறதே!

எல்லாவற்றையும் நான் தாங்கிப் பிடிக்கவில்லை. அல்பத்தின் நடுப்பகுதி தொய்கிறது. ஸெய்ன் மாலிக்கோடு பாடிய ‘ஃபிரீடன்’ கேட்க இனிமை, கேட்டு முடிந்ததும் கையில் ஒன்றுமில்லை. கூடுதல் பாட்டுகளோடு வந்த பதிப்புக்குக் கத்தரிக்கோல் தேவைப்பட்டது. ‘ஃபொறின் ஃபிரண்ட்’ மெதுவாக நகர்ந்தாலும் வந்தேறியின் நட்புக்குள் இருக்கிற சங்கடத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது. அதை ஒருவரும் கவனிக்காமல் விட்டது வருத்தம். பாட்டுக்கு வெளியே அவர் சொல்லும் பலதையும் நான் ஏற்கவில்லை. 2020இல் தடுப்பூசி பற்றி அவர் எழுதியதெல்லாம் பொறுப்பற்ற பேச்சு. அதற்கு என்னிடம் வக்காலத்து இல்லை. ஆனால் 2020இல் சொன்னதை வைத்து 2016இல் பாடியதைத் தள்ளுகிறவர்களும் கிளம்பியிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் எங்கள் பாடகர் பட்டியலில் யார்தான் தேறுவார்? ‘கடைசி’ என்றதும் நிலைக்கவில்லை. 2022 ஒக்டோபரில் ‘மாதா’ என்று இன்னொரு அல்பத்தோடு வந்தார். கணக்கை மூடியவர்கள் அதற்காக ‘எய்ம்’-ஐத் திரும்ப எடுத்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

உண்மையாகக் குறை சொல்லவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. நான் படித்த விமர்சனங்களில் அதைக் காணவில்லை. ‘போர்டர்ஸ்’ வீடியோவில் எம்.ஐ.ஏ.யைத் தவிர எல்லோரும் இளந்தாரிகள். வேலியில் ஏறுகிறவன், படகில் குந்தியிருக்கிறவன், தண்ணீருக்குள் நிற்கிறவன் எல்லாம் ஆண். மயிலிட்டியிலிருந்து 1990இல் வெளிக்கிட்டது அப்படி அல்ல. பிள்ளையை இடுப்பிலும் சட்டிபானையைத் தலையிலும் வைத்துக்கொண்டு நடந்தவர்கள் பெண்கள். இருபத்தேழு வருஷம் முகாமில் தண்ணி வரிசையில் நின்றவர்கள் பெண்கள். காணியைக் கேட்டு வெயிலுக்குள் இருந்தவர்களிலும் அவர்கள்தான் அதிகம். எம்.ஐ.ஏ.க்கு இது தெரியாததா? மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போருக்குள்ளிருந்து லண்டனுக்குப் போய், தையல் வேலை செய்து வளர்த்த தன் தாயின் பெயரைத்தானே தன் ஆகப் பெரிய அல்பத்துக்கு வைத்தார். அந்தக் கலா ஏன் அந்தப் படகில் இல்லை?